‘ஃபார் அட்டெண்டிங்’கா, ‘டு அட்டெண்ட்’டா? லீவு மெயிலில் மாட்டிக்கொண்ட கதை

கிடங்குக்காரன் | செவ்வாய், இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், இங்கே வந்து 9 வருஷம் ஆகிறது. இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

தங்கச்சிக்குக் கல்யாணம். லீவு கேட்டு மெயில் போட்டேன்: ‘ஐ ஆம் ரைட்டிங் திஸ் மெயில் ஃபார் அப்ளையிங் லீவ். ஐ நீட் டு கோ இந்தியா ஃபார் அட்டெண்டிங் மை சிஸ்டர்ஸ் வெட்டிங்.’ ஆபீஸில் லீவு, சம்பளம் எல்லாம் பார்க்கிற சீன அக்கா அதை பிரிண்ட் எடுத்து, இரண்டு ‘ஃபார்’ மேலேயும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘டு’ என்று எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கம்பக்கத்துப் பையன்களுக்கு ஒரே சிரிப்பு.

அதோடு விட்டால் பரவாயில்லை. அரை மணி நேரம் கழித்து அதே அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்: ‘யூ கோ ஸ்டோர் டேக் த ஃபார்ம்.’ இதில் ‘டு’வே இல்லையே! இதற்கு யார் வட்டம் போடுவது?

என் சந்தேகம் இதுதான். ‘கலந்துகொள்வதற்காக’ என்றால் ‘ஃபார் அட்டெண்டிங்’தானே? கிடங்கில் வருகிற அட்டைப்பெட்டி பாதியில் ‘ஃபார் கிளீனிங்’, ‘ஃபார் கட்டிங்’ என்றுதான் அச்சடித்திருக்கிறான். அவனுக்கு மட்டும் சரியா?

யீஷூன்_அம்மா | செவ்வாய், இரவு 11:15

தம்பி, முதலில் தங்கச்சிக்கு வாழ்த்து. வட்டம் போட்டது சரி, போட்ட விதம்தான் சரியில்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

நான் வீட்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் துணைப்பாடம் எடுக்கிறேன். தமிழ்ப் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாரும் இந்த இடத்தில் ஒரு தடவை விழுவார்கள். காரணம் ஆங்கிலத்தில் இல்லை, நம் வாயில் இருக்கிறது.

தமிழில் இதை இரண்டு மாதிரி சொல்கிறோம். ‘மீன் வாங்கப் போனேன்.’ ‘மீன் வாங்குறதுக்குப் போனேன்.’ இரண்டும் சரி, ஆனால் பேசும்போது இரண்டாவதுதான் அதிகம் வரும். அதை அப்படியே கழற்றி ஆங்கிலத்தில் மாட்டினால் ‘வாங்குறது’ என்பது ‘பையிங்’, ‘க்கு’ என்பது ‘ஃபார்’. ‘ஃபார் பையிங்’ பிறந்த கதை அதுதான். ‘கலந்துகொள்வதற்காக’வும் அதே குடும்பம்.

முதல் வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். ‘வாங்க’ என்கிற ஒரே சொல்லில் நோக்கம் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு நேர் ‘டு பை’. பார்க்க: டு சீ. கேட்க: டு ஆஸ்க். கலந்துகொள்ள: டு அட்டெண்ட். என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மனசுக்குள் ‘துக்கு’ வந்தால் நில், அதை ‘அ’வில் முடித்துப் பார், அப்புறம் ஆங்கிலத்துக்குப் போ.

பெயர்ச்சொல் என்றால் ‘ஃபார்’ போடலாம். ‘மீனுக்காகத் தேக்காவுக்குப் போனேன்’: ‘ஐ வென்ட் டு தேக்கா ஃபார் ஃபிஷ்.’ நீங்களும் ‘ஃபார் மை சிஸ்டர்ஸ் வெட்டிங்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அக்காவின் பேனாவுக்கு வேலையே இருந்திருக்காது. வினைச்சொல் உள்ளே வந்ததும்தான் ‘டு’ கேட்கிறது.

இன்னொன்று. ‘ஐ வென்ட் டு தேக்கா டு பை ஃபிஷ்.’ இதில் இரண்டு ‘டு’ வருகிறதே என்று பயந்து சில பேர் ஒன்றை முழுங்கிவிடுவார்கள். முதலாவது இடத்துக்கு, இரண்டாவது வேலைக்கு. இரண்டும் வேண்டும். ‘போனேன்’ இறந்தகாலம்தானே என்று ‘டு பாட்’ என்று எழுதுவதும் உண்டு. காலத்தை ‘வென்ட்’ சுமந்துவிட்டது, ‘டு’வுக்குப் பிறகு வெறும் வினை போதும். உங்கள் மெயிலில் ‘கோ இந்தியா’ நடுவிலும் ஒரு ‘டு’ விட்டுப்போயிருக்கிறது. அதை அக்காவும் கவனிக்கவில்லை, ஹா.

இரவுஷிப்ட் | புதன், அதிகாலை 1:30

லீவு கிடைத்ததா இல்லையா? அதைச் சொல்லுங்கள் அண்ணே முதலில். புரிந்தால் போதாதா? இந்த ஊரில் ‘கோ’, ‘கம்’, ‘கேன்’, ‘கேனாட்’ நாலை வைத்தே நான் 6 வருஷம் ஓட்டிவிட்டேன்.

கோப்பிஓ_கோசோங் | புதன், காலை 7:50

எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அந்த அக்காவின் வாட்ஸ்அப்பைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான் பேசுவார். ‘ஐ கோ மார்க்கெட் பை ஃபிஷ்.’ மாண்டரினில் ‘வோ ச்சூ பாஷா மாய் யூ’: நான், போ, சந்தை, வாங்கு, மீன். நடுவில் ஒட்டு எதுவும் கிடையாது, வினைகள் வரிசையாக நிற்கும். பேச்சு மலாயிலும் ‘பெர்கி பாசார் பெலி ஈக்கான்’ என்று அதே வரிசைதான். (அந்த ‘பாஷா’வே மலாய் ‘பாசார்’தான், சந்தைக்குப் போன இடத்தில் சீனர்கள் அந்தச் சொல்லையும் வாங்கிவந்துவிட்டார்கள்.) இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் வளர்ந்த நம் ஊர்ப் பேச்சு ஆங்கிலமான சிங்லிஷில் ‘டு’ காணாமல் போனதில் அதிசயம் இல்லை. நம்மவர்கள் ‘ஃபார்’ஐக் கூட்டுகிறார்கள், அவர்கள் ‘டு’வை உதிர்க்கிறார்கள். எல்லாரும் அவரவர் அம்மா மொழியைத்தான் ஆங்கிலத்தில் பேசுகிறோம்.

மலாயில் அழுத்திச் சொல்ல ‘உந்துக்’ இருக்கிறது. அது பெயருக்கும் வரும், வினைக்கும் வரும். ‘என் பிள்ளைக்கு’ என்றாலும் ‘உந்துக்’, ‘வாங்குவதற்கு’ என்றாலும் ‘உந்துக்’. நம் ‘க்கு’ மாதிரியேதான். ஆங்கிலம்தான் பெயருக்கு ஒன்று, வினைக்கு ஒன்று என்று இரண்டு கடை வைத்திருக்கிறது.

ஆனால் ‘டு’ இல்லாதது எப்போதும் சிங்லிஷ் என்றும் சொல்லிவிட முடியாது. ‘ஐ வில் கோ பை சம் மில்க்’ என்று அமெரிக்கர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் பழக்கத்தில் நடுவில் ‘அண்ட்’ வரும். இது ‘கோ’, ‘கம்’ இரண்டும் மாறாமல் அப்படியே நிற்கும்போது மட்டும். ‘ஹி வென்ட் பை மில்க்’ என்றால் எங்கேயும் செல்லாது.

இரவுஷிப்ட் அண்ணே, புரிந்தால் போதும் என்பது கோப்பிக் கடைக்குச் சரி. 2000இல் ‘ஸ்பீக் குட் இங்கிலீஷ்’ இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஊர் இதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறது. என் கட்சி: இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், எந்த இடத்தில் எது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய_வாத்தியார் | புதன், காலை 10:05

யீஷூன் அம்மா சொன்ன உத்தி அழகு. ஆனால் ‘அ’வில் முடிந்தால் ‘டு’ என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால் ஆபத்து. தமிழில் அந்த எச்சம், செயவென்எச்சம், மூன்று வேலை பார்க்கிறது.

‘நெல் விளைய மழை பெய்தது.’ இது நோக்கம்.
‘மழை பெய்ய நெல் விளைந்தது.’ இது காரணம். மழை முன்னாலேயே பெய்துவிட்டது.
‘சூரியன் மறைய வீடு வந்தான்.’ இரண்டும் ஒரே நேரம், அவ்வளவுதான். சூரியனை மறைய வைக்க அவன் வரவில்லை.

மூன்றிலும் ‘அ’ இருக்கிறது. முதலாவதுக்குத்தான் நோக்கம் சொல்கிற ஆங்கிலம் பொருந்தும், அதிலும் வெறும் ‘டு’ போதாது. மற்ற இரண்டுக்கும் ‘டு’ போட்டால் விபரீதம்.

நோக்கத்துக்கென்றே தனி விகுதிகள் நம்மிடம் இருந்தன. நன்னூல் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது கடைசியில் வான், பான், பாக்கு என்று மூன்றைச் சொல்லும். ‘உண்பான் வந்தான்’ என்றால் உண்பதற்காக வந்தான். இன்று ‘உண்பான்’ என்றால் நாளைக்குச் சாப்பிடுவான் என்று மட்டும்தான் காதில் விழும், அதனாலேயே வழக்கொழிந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம். இந்த மூன்றையும் நன்னூல் எதிர்காலத்துக்குரியவை என்று வைத்தது. நோக்கம் என்பது இனி நடக்க வேண்டியது அல்லவா?

யீஷூன்_அம்மா | புதன், பகல் 1:20

ஐயா, மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் அது மழையையும் மறந்துவிடும், நெல்லையும் மறந்துவிடும். 10 பிள்ளைகளில் 9 பேருக்கு என் உத்தி வேலை செய்கிறது. மிச்சம் ஒருவரை உங்களிடம் அனுப்பிவைக்கிறேன். 😄

கிடங்குக்காரன் | புதன், மாலை 6:40

அக்கா, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உங்கள் உத்தியை வைத்து 10 வாக்கியம் எழுதிப் பார்த்தேன். 8 சரியாக வந்தது. இரண்டு உதைக்கிறது.

ஒன்று: ‘மகன் படிக்க டிவியை அணைத்தேன்.’ ‘ஐ ஸ்விட்ச்டு ஆஃப் த டிவி டு ஸ்டடி’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் நான் என்னவோ டிகிரி படிக்கிற மாதிரி இருக்கிறது.

இரண்டு: ‘லேட் ஆகாமல் இருக்க டாக்ஸி எடுத்தேன்.’ ‘ஐ டுக் எ டாக்ஸி நாட் டு பி லேட்.’ இது என்னமோ காதில் இடிக்கிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

பழைய_வாத்தியார் | புதன், இரவு 8:12

முதலாவதுக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் பேட்டை.

வான், பான், பாக்கு மூன்றும் அதே எழுவாயின் வினையைத்தான் கொண்டு முடியும் என்பது நன்னூல் விதி. வந்தவனும் அவனே, உண்பவனும் அவனே. ‘செய’ எச்சம் அப்படியல்ல, வேறு ஆளையும் ஏற்கும். படிப்பது மகன், அணைப்பது அப்பா, இருந்தும் ‘மகன் படிக்க அணைத்தேன்’ என்பது நல்ல தமிழ். ஆங்கிலத்தின் வெறும் ‘டு’ நம் வான், பானைப் போல. சொன்ன ஆளை விட்டு நகராது. அதனால்தான் உங்களுக்கு டிகிரி கிடைத்தது.

யீஷூன்_அம்மா | புதன், இரவு 9:30

ஐயா சொன்னது முற்றிலும் சரி, மதியம் வாயாடியதற்கு மன்னியுங்கள். இதை இப்படி நான் யோசித்ததே இல்லை.

ஆள் மாறினால் அந்த ஆளை ‘ஃபார்’ போட்டு உள்ளே கூட்டிவர வேண்டும்: ‘ஃபார் மை சன் டு ஸ்டடி.’ இல்லையென்றால் ‘சோ தட் மை சன் குட் ஸ்டடி.’ தம்பி, உங்களுக்குப் பிடித்த ‘ஃபார்’ இங்கே வந்துவிட்டது பாருங்கள். ஆனால் அது மகனுக்கு முன்னால் நிற்கிறது, படிப்புக்கு முன்னால் ‘டு’தான்.

இரண்டாவது: நோக்கத்தை எதிர்மறையாகச் சொல்லும்போது வெறும் ‘நாட் டு’ பெரும்பாலும் நிற்காது. ‘சோ ஆஸ் நாட் டு பி லேட்’ அல்லது ‘இன் ஆர்டர் நாட் டு பி லேட்’. பேச்சில் ‘சோ தட் ஐ வுடுன்ட் பி லேட்’ இன்னும் இயல்பு. ‘பி கேர்ஃபுல் நாட் டு ஃபால்’ மாதிரி சிலது வெறும் ‘நாட் டு’வோடு வரும், அது அந்தச் சொல்லோடு ஒட்டிப் பழகியது.

செங்காங்_கவி | புதன், இரவு 9:48

இந்த இழை எனக்காகவே வந்தது போல இருக்கிறது! மகள் தொடக்கநிலை 5. இரண்டு வாக்கியத்தை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிற பகுதியில் மார்க் போய்க்கொண்டே இருக்கிறது. கேள்வி: அப்பா சீக்கிரம் எழுந்தார், அவர் முதல் பஸ்ஸைப் பிடிக்க விரும்பினார். ‘இன் ஆர்டர் டு’ போட்டுச் சேர்க்கணும். இவள் ‘ஃபாதர் வோக் அப் எர்லி இன் ஆர்டர் டு வாண்டட் டு கேட்ச் த ஃபர்ஸ்ட் பஸ்’ என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று தெரிகிறது, விளக்கத் தெரியவில்லை. அவளோ ‘எல்லாச் சொல்லையும் எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க’ என்கிறாள்.

யீஷூன்_அம்மா | புதன், இரவு 10:10

கவி, இது தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சையான பிஎஸ்எல்இ வரைக்கும் துரத்தும், இப்போதே பிடித்துவிடுங்கள்.

‘இன் ஆர்டர் டு’ என்பதற்குள்ளேயே ‘விரும்பினார்’ அடங்கிவிட்டது. நோக்கம் என்றாலே விருப்பம்தானே. சேர்க்கும்போது ‘வாண்டட் டு’ கழன்று விழ வேண்டும். மகளிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து ‘ஹி வாண்டட் டு’ மூன்று சொல்லையும் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் என்ன? ‘கேட்ச் த ஃபர்ஸ்ட் பஸ்.’ அதை ‘இன் ஆர்டர் டு’வுக்குப் பின்னால் ஒட்டினால் வேலை முடிந்தது. ‘டிட் நாட் வாண்ட் டு’ என்று வந்தால் அதையும் அடித்துவிட்டு ‘சோ ஆஸ் நாட் டு’ போட வேண்டும். அங்கே அந்த ‘நாட்’டை விட்டுவிட்டால் அர்த்தமே தலைகீழ். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் இருக்க மெதுவாக நடந்தவன், எழுப்புவதற்காக நடந்தவன் ஆகிவிடுவான்.

இரண்டு வாக்கியத்திலும் ஆள் ஒருவர்தானா என்று எப்போதும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆள் மாறியிருந்தால் அது ‘சோ தட்’ கேள்வி.

ஒன்று மட்டும், கட்டுரையில் எல்லா இடத்திலும் ‘இன் ஆர்டர் டு’ போட வேண்டாம். பரீட்சை கேட்டால் எழுதட்டும். மற்றபடி வெறும் ‘டு’ போதும். தண்ணீர் குடிக்கப் போனதற்கெல்லாம் ‘இன் ஆர்டர் டு’ போட்டால் அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கும்.

கோப்பிஓ_கோசோங் | வியாழன், காலை 7:55

திரும்பவும் எம்ஆர்டி.

கிடங்குக்காரன் அண்ணன் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: பெட்டியில் ‘ஃபார் கட்டிங்’ எப்படிச் சரி?

அது ஒருவர் எதற்காக ஒரு காரியம் செய்தார் என்று சொல்லவில்லை. ஒரு பொருள் எதற்கு உதவும் என்று சொல்கிறது. ‘திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்’: மீன் வெட்டுற கத்தி. கத்தி எங்கேயும் கிளம்பிப் போகவில்லை, அதற்கு லட்சியமும் கிடையாது. ஆள் உள்ளே வந்ததும் ‘டு’தான்: ‘ஐ யூஸ்டு திஸ் நைஃப் டு கட் ஃபிஷ்.’

‘ஃபார்’ + ‘இங்’ சரியாக வருகிற இன்னொரு இடம் நம் ஊருக்கே உரியது: ‘ஹி வாஸ் ஃபைன்டு ஃபார் லிட்டரிங்.’ குப்பை போட்டதற்காக அபராதம். இங்கே ‘டு லிட்டர்’ போட்டால் குப்பை போடச் சொல்லிப் பணம் கட்டின மாதிரி ஆகிவிடும். ‘தேங்க் யூ ஃபார் கமிங்’கும் இப்படித்தான். ஏற்கெனவே நடந்ததற்குக் காரணம் சொன்னால் ‘ஃபார்’, இனி நடக்க வேண்டியதைச் சொன்னால் ‘டு’. வாத்தியார் ஐயா சொன்ன எதிர்காலம் இங்கேயும் உதவுகிறது. தமிழில் ‘போட்டதற்காக’, ‘போடுவதற்காக’ என்று காலம் உள்ளேயே தெரிந்துவிடுகிறது, அதனால் நமக்கு ஒரே ‘காக’ போதுமாக இருக்கிறது.

இரவுஷிப்ட் | வியாழன், காலை 9:20

ஷிப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். ‘புரிந்தால் போதும்’ என்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு பழைய அவமானம் ஞாபகம் வந்துவிட்டது.

சிகரெட்டை விட்ட புதிதில் பெருமையாக சூப்பர்வைசருக்கு மெசேஜ் அனுப்பினேன்: ‘பாஸ், ஐ ஸ்டாப்டு டு ஸ்மோக்.’ அவர் உடனே போன் போட்டு ‘எங்கே நின்று பிடிக்கிறாய், வேலை நேரத்தில்?’ என்று கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 3 வருஷம் கழித்து இப்போதுதான் புரிகிறது. ‘புகைபிடிக்க நின்றேன்’ என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்!

யீஷூன்_அம்மா | வியாழன், காலை 9:41

ஐயோ பாவம். ‘ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’ என்றிருந்தால் பாராட்டியிருப்பார். தமிழில் நில் வேறு, நிறுத்து வேறு என்பதால் நமக்கு அந்தக் குழப்பமே இல்லை.

போகிற போக்கில் ஒன்று: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதுகிறவர்கள் இங்கே எத்தனை பேர்? அந்த ‘டு’ நோக்க ‘டு’ அல்ல, ‘தேக்காவுக்கு’ என்பதில் வருகிற ‘டு’. அதனால் ‘மீட்டிங் யூ’.

பழைய_வாத்தியார் | வியாழன், பகல் 12:30

கடைசியாக ஒரு வேடிக்கை சொல்லிவிட்டுப் போகிறேன். கிடங்குத் தம்பி வெட்கப்பட வேண்டியதே இல்லை.

ஆங்கிலத்தின் இந்த ‘டு’ ஆதியில் வெறும் இலக்கண ஒட்டு அல்ல. இடத்தை நோக்கிப் போவதைச் சொல்கிற அதே ‘டு’தான். பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பின்னால் வினை ஒரு பெயர் போல நான்காம் வேற்றுமை வடிவம் எடுத்து நிற்கும். அதாவது ‘வாங்குதல்’ + ‘கு’. நாம் ‘வாங்குறதுக்கு’ என்கிறோமே, அச்சாக அது. பிற்பாடு அந்த விகுதி தேய்ந்து போய் ‘டு’ மட்டும் மிஞ்சியது. இடைக்காலத்தில் ‘ஃபார் டு’ என்று இரண்டையும் சேர்த்துக்கூட எழுதினார்கள். பொது வழக்கில் அது பின்னால் உதிர்ந்துவிட்டது, சில வட்டாரங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நான்காம் வேற்றுமைக்கும் ‘பொருட்டு’ என்கிற பொருளை நன்னூல் சொல்கிறது. ‘கூலிக்கு வேலை செய்தான்’ என்பதில் வருகிற ‘கு’.

ஆக, உங்கள் மூளை போன வழி சரி. கடை மட்டும் மாறிவிட்டது.

கிடங்குக்காரன் | வியாழன், இரவு 8:25

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரியே மெயிலைத் திருத்தி அனுப்பினேன்: ‘ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார் லீவ். ஐ நீட் டு கோ டு இந்தியா டு அட்டெண்ட் மை சிஸ்டர்ஸ் வெட்டிங்.’ நாலு ‘டு’வைப் பார்த்துக் கை கொஞ்சம் நடுங்கியது, இருந்தாலும் ஒன்றையும் முழுங்கவில்லை. ‘அப்ளை’க்குப் பிறகு ஒரு ‘ஃபார்’ வேண்டும் என்று மகன் சொன்னான், போட்டேன். லீவு பெயர்ச்சொல்லாம்.

இன்று காலை அந்த அக்காவே மேஜைக்கு வந்தார். கையில் பேனா இல்லை. கல்யாணத்துக்கு என்று ஒரு அங்பாவ் (மொய்ப்பணம் வைத்த சிவப்புக் கவர்) வைத்துவிட்டு, ‘அப்ரூவ்டு ஆல்ரெடி லா. யூ கோ என்ஜாய்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோப்பிஓ_கோசோங் | வியாழன், இரவு 8:31

அண்ணே, அந்த ‘கோ என்ஜாய்’ இலக்கணப்படியே சரி. ‘கோ’ மாறாமல் நிற்கிறது பாருங்கள். 😄